அப்பா வேடம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. என் பைய இப்படி மடியில எடுத்துக்கறேன். ஒட்டன்சத்திரமா? நான் திண்டுக்கல். தாராபுரம் வரைக்கும் ரோடு நல்லாத்தான் இருக்கும், அதுக்கப்புறம் குலுக்கி எடுத்துருவான். பேசிக்கிட்டே போனா தெரியாது. நீங்க தூங்கறதுன்னா தூங்குங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், இன்னைக்கு யார்கிட்டயாவது பேசலைன்னா எனக்கு நெஞ்சு அடைச்சிரும் போல இருக்கு.

நான் யாருன்னு கேக்கலியே நீங்க. கவிஞர் சிறுமலை இளஞ்சேரன். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்ல, ஒட்டன்சத்திரம் பக்கம் நாம அவ்வளவா போனதில்ல. ரேஷன் கார்டுல சின்னச்சாமி. நாடகம் பதினேழு எழுதியிருக்கேன், எல்லாம் மேடை ஏறுன நாடகம். கவிதை கணக்கே இல்ல. திண்டுக்கல்ல நீங்க எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வாசல்ல ஒரு பிளக்ஸ் இருக்கும்ல, மாப்பிள்ளை பொண்ணு படம் போட்டு, கீழ நாலு வரி? பத்துக்கு ஆறு நம்மளோடதுதான். பேரு போட மாட்டான். போட்டா எடம் பத்தாதாம்.

என் பொழப்பு எப்படின்னா தம்பி, காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு, குளிச்சு, டீயக் குடிச்சுட்டு எட்டு மணிக்கு பிளக்ஸ் கடையில போய் உக்காந்துருவேன். அங்க எனக்குன்னு ஒரு ஸ்டூல் இருக்கு. வர்றவங்க சொல்லச் சொல்ல எழுதணும். ஒரு நாள் காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, மூணும் ஒரு மணி நேரத்துக்குள்ள வரும். அழுதுக்கிட்டே வந்து நிப்பாங்க. ‘அண்ணே, எங்கப்பாவப் பத்தி நாலு வரி’ம்பாங்க. ‘உங்கப்பா என்ன சொல்லிக் கூப்பிடுவாரு உங்கள?’ன்னு கேப்பேன். அது ஒண்ணு போதும் எனக்கு. அத வச்சு எழுதிக் குடுத்தா வாங்கிப் படிச்சுட்டு அங்கனயே உக்காந்து அழுதுருவாங்க. மனுசன் எப்படிப் பேசுறான்னு காதுல விழணும், அதான் தொழிலே. நோட்டு எப்பவும் சட்டைப் பையில இருக்கும். டீக்கடை, பஸ்ஸு, ஆஸ்பத்திரி வராண்டா, எங்க நல்ல பேச்சு விழுந்தாலும் குறிச்சுக்குவேன். பயப்படாதீங்க, உங்க பேச்ச எழுதல.

மத்தியானம் வீட்டுக்கு வந்து நானே ஒரு சோத்த வடிச்சுச் சாப்பிட்டுட்டு, மூணு மணிக்கு நாடகம் எழுத உக்காருவேன். ஆறு மணிக்கு ஒத்திகை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மொட்டை மாடியில. மழை பேஞ்சா மாடிப்படியில. இதுதான் முப்பத்திரண்டு வருசமா. வீட்டுக்காரி பாக்கியம் இருந்தவரைக்கும் சோறு மட்டும் அவ வடிச்சா, மத்தபடி இதேதான். அவ போய் ஆறு வருசம் ஆச்சு. அவளுக்கு இரங்கற்பா நான்தான் எழுதினேன், பன்னிரண்டு வரி. அவளக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தாங்க, நான் பிரஸ்ல புரூஃப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வேற யாரு பாக்கறது? தப்பா அடிச்சுட்டான்னா அவளுக்குத்தான அசிங்கம்.

ஒரே பொண்ணு. பொன்னெழில். எழிலுன்னு கூப்பிடுவேன். பி.காம் முடிச்ச கையோட வத்தலக்குண்டுல கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை மகேந்திரன் ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு. நல்ல எடம், சொந்த வீடு. திண்டுக்கல்லுல இருந்து வத்தலக்குண்டு எவ்வளவு தூரம்ங்கறீங்க? ஒரு மணி நேரம். அதான் நானும் பக்கத்துலதான இருக்கு, எப்ப வேணா போய்க்கலாம்னு இருந்தேன்.

அவ கல்யாணம் ஆகி ரெண்டாவது வருசம் போன் பண்ண ஆரம்பிச்சா. அவ போன்ல இல்ல. அத மாப்பிள்ளை கையில வாங்கி வச்சுக்கிட்டாரு. எதிர்வீட்டு அம்மா ஒருத்தவங்க, அவங்க போன கிரில் கதவு வழியா உள்ள நீட்டுவாங்களாம், அதுல பேசுவா. மாப்பிள்ளை கடைக்குப் போறப்ப கிரில்லப் பூட்டி சாவிய எடுத்துட்டுப் போயிருவாரு. மாமியார் மத்தியானம் தூங்குவாங்க. அந்த நேரத்துல பேசுவா. கரெக்டா மூணரை மணி. நான் அப்பத்தான் எழுத உக்காந்திருப்பேன், நோட்டு தொறந்தே இருக்கும்.

நான் ஒண்ணு சொல்றேன் தம்பி, அவ பேசறப்ப நான் குறுக்க ஒரு வார்த்தை பேசினதில்ல. எத்தனை அப்பன் அப்படிக் கேப்பான்? ‘அப்பா, இருக்கீங்களா?’ம்பா. ‘இருக்கேன்மா, சொல்லு’ம்பேன். அழுகையில வேகமா பேசிருவா. ‘மெதுவா சொல்லும்மா, மெதுவா’ம்பேன். அப்பத்தான எழுத முடியும்.

ஒரு நாள் சொன்னா, ‘அப்பா, இந்தக் கம்பி வழியா பார்த்துப் பார்த்து தெருவே கட்டங்கட்டமா ஆகிப் போச்சுப்பா. ஆளு நடந்து போனாக்கூட துண்டு துண்டாத்தான் போறாங்க.’ தம்பி, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. முப்பத்திரண்டு வருசம் எழுதறேன், இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்ல. இன்னொரு நாள், ‘இந்த வீட்டுல என் பேரச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டு எட்டு மாசம் ஆச்சுப்பா’ன்னா. அப்படியே எழுதிக்கிட்டேன். அப்புறமா எட்டு மாசத்த ஒரு வருசம்னு மாத்தினேன். மேடைல சொல்றப்ப எட்டு மாசம் எடுபடாது.

ஆமா, எனக்கும் வலிச்சுதுதான். வலிக்காமயா? பெத்தவன் இல்லையா நான்? அழுதுக்கிட்டேதான் எழுதினேன். மை கலைஞ்ச பக்கம்கூட இருக்கு நோட்டுல, வீட்டுக்கு வந்தா காட்டுறேன்.

நாடகம் நல்லா வளர்ந்துச்சு. ‘வாசல் வந்த தந்தை’ன்னு தலைப்பு. ஆனா முடிவு கெடைக்கல. பொண்ணு செத்துப் போறதா ஒரு முடிவு எழுதினேன், நடிக்கற பசங்க வேண்டாம்னுட்டாங்க. மாப்பிள்ளை திருந்தறதா எழுதினேன், எனக்கே நம்ப முடியல. ஒன்றரை மாசம் தவிச்சேன் தம்பி. சாப்பாடு எறங்கல. அப்ப ஒரு நாள் போன்ல சொன்னா, ‘அப்பா, என்னால முடியல. நீங்க வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா. வாசல்ல வந்து நில்லுங்க, போதும். நான் வந்துர்றேன்.’

‘எழிலு, கெடைச்சிருச்சும்மா!’ன்னு கத்திட்டேன்.

‘என்னப்பா?’ன்னா.

‘கடைசிக் காட்சி’ன்னேன்.

லைன் கட்டாயிருச்சுன்னு நினைச்சேன்.

போகக் கூடாதுன்னு இல்ல தம்பி. போகத்தான் இருந்தேன். சித்திரை மாசம், திருவிழா நேரம், கையில மூணு ஊரு நாடகம். அது முடிஞ்சதும் இந்த நாடகத்துக்கு ஒத்திகை. எட்டுப் பேரு, வேலை வெட்டிய முடிச்சுட்டு எனக்காக மாடி ஏறி வர்றவங்க, அவங்கள விட்டுட்டு எப்படிப் போக? அரங்கேற்றம் முடியட்டும்மா, மறுநாளே வந்துர்றேன்னேன். அவ ‘சரிப்பா’ன்னா. எப்பவும் அடம் பிடிக்கற பொண்ணு இல்ல. சின்னதுலயே அப்படித்தான், ‘சரிப்பா’ன்னு போயிரும்.

உங்க போன் அடிக்குது பாருங்க. எடுங்க எடுங்க, நான் எங்க போகப் போறேன்.

பொண்ணா? என்ன படிக்குது? ஏழாவதா. என்ன சொன்னீங்க இப்ப அதுகிட்ட? ‘கதவச் சாத்தாம வையி, அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்’னா? அடடா. இருங்க, பேனா எங்க... ஒரு வரிதான், குறிச்சுக்கறேன். உங்க பேரு போட மாட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், அரங்கேற்றம். அதுவும் எங்க அமைஞ்சுச்சுங்கறீங்க? வத்தலக்குண்டுலயே. அங்க தமிழ் மன்றத்துக்கு ஆண்டு விழா. ஞாயித்துக்கிழமை மத்தியானம், கல்யாண மண்டபத்துல. மாப்பிள்ளைதான் மன்றத்துக்கு நன்கொடை குடுக்கறவரு, அதனால முன்வரிசை அவங்க குடும்பத்துக்கு. மாமனார் நாடகம்னு பெருமையா எல்லாரையும் கூட்டிட்டு வந்திருந்தாரு. எழிலும் வந்திருந்தா. பச்சைப் புடவை. மெலிஞ்சு போயிருந்தா, கழுத்தெலும்பு தெரிஞ்சுச்சு. நான் மேடைக்குப் பின்னாடி திரை இடுக்குல இருந்து பார்த்தேன். கையாட்டினேன், பார்க்கல.

அப்பா வேசம் கட்ட வேண்டிய ராஜமாணிக்கத்துக்கு அன்னைக்கு சிக்கன்குனியா. கையக் கால அசைக்க முடியல. என்ன பண்றது, எழுதுனவன்தான் வசனம் பூரா தெரிஞ்சவன். நானே கட்டுனேன். நாடகம் பார்க்க வந்த ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு மஞ்சப்பை வாங்கி, தோள்ல துண்டப் போட்டு, கடைசிக் காட்சியில உள்ள நுழையறேன். வாசல்ல நின்னு, ‘மகளே, உன் அப்பன் வந்திருக்கேன், கிளம்பு’ங்கறேன். மண்டபம் பூரா கைதட்டு. மகள் வேசம் கட்டுன பொண்ணு கேக்குது, ‘இத்தனை நாள் ஏம்ப்பா வரல?’ அதுக்கு நான் பேசறது ஒன்பது வரி. ‘கண்ணே, நான் வராத நாளெல்லாம் வாழாத நாளம்மா! கால்கள் வரவில்லை, ஆனால் என் கண்ணீர் தினம் வந்து உன் வாசல் தெளித்ததம்மா!’ இப்படிப் போகும். பொம்பளைங்க எல்லாம் முந்தானைய வாயில வச்சு அழுதாங்க. நானும் நெசமாவே அழுதேன். நடிப்பில்ல தம்பி அது. எதுக்க என் பொண்ணு உக்காந்திருக்கால்ல.

அவ அழல. அவ மட்டும்தான் அழல.

முடிஞ்சதும் மாப்பிள்ளையே மேடை ஏறி எனக்குப் பொன்னாடை போத்தினாரு. ‘மாமா, பின்னிட்டீங்க’ன்னாரு. அவருக்குத் தன்னைப் பத்தித்தான்னு தெரியல, அதுதான் கலை! அப்புறம் எழில் மேடைக்குப் பின்னாடி வந்தா. நான் மூஞ்சில பவுடரத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னு சொன்னா, ‘அந்த அப்பா ரொம்ப நல்லவரா இருந்தாருப்பா. அவர ஒரு நாள் எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க.’

இதவிட ஒரு நடிகனுக்கு என்ன பாராட்டு வேணும், சொல்லுங்க? நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா இத? பிளக்ஸ் கடைல, பிரஸ்ல, எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒரு பயலும் சிரிக்கல. பொறாமை.

ஆனா மாமியார் விவரமானவங்க. கம்பி வழியா தெரு கட்டங்கட்டமா தெரியுதுன்னு மேடையில கேட்டதும் அவங்களுக்குப் பொறி தட்டியிருக்கு. வீட்டுக்குப் போய் மகன்கிட்ட சொல்லியிருக்காங்க. அடுத்த நாளே ஆள வச்சு அந்தக் கிரில் பூரா தகரம் அடிச்சுட்டாங்களாம். எதிர்வீட்டு அம்மாதான் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க. ஒரு வசனம் எவ்வளவு தூரம் போய்ச் சுட்டிருக்கு பாருங்க. நாடகத்துக்கு அவ்வளவு வலு இருக்கு, நாமதான் மதிக்கறதில்ல.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

மறுநாள் போறேன்னு சொல்லியிருந்தேன்ல, போகத்தான் நினைச்சேன். அன்னைக்குப் பார்த்து நிலக்கோட்டைல இருந்து, பழனில இருந்து, இதே நாடகம் வேணும்னு கேட்டு வந்துட்டாங்க. வரிசையா தேதி. நான் எதிர்வீட்டு அம்மாகிட்ட, ‘பத்து நாள்ல வந்துர்றேன், எழில்கிட்ட சொல்லிருங்க’ன்னேன். ‘எப்படிங்க சொல்றது? தகரம் இருக்கே’ன்னாங்க.

இருபத்திரண்டாவது நாள் அவளே வெளிய வந்துட்டா தம்பி. யாரும் கூட்டிட்டு வரல. சமையல் கேஸ் போட வந்தவனுக்குக் கதவு தொறந்தாங்களாம், அவன் சிலிண்டர உள்ள உருட்டறப்ப இவ வெளிய நடந்திருக்கா. செருப்புக்கூட இல்ல. நேரா பஸ் ஸ்டாண்டு. திண்டுக்கல் பஸ்ஸும் அங்கதான் நிக்கும். அதுல ஏறல. திருப்பூர் பஸ்ஸுல ஏறியிருக்கா.

அதுதான் எனக்கு ஆறல. ஒரு மணி நேரத்துல அப்பன் வீடு. சாவி எங்க இருக்கும்னு அவளுக்குத் தெரியும். நான் என்ன அவள அடிச்சேனா, வைஞ்சேனா? பதினாறு மாசம் ஆச்சு, ஒரு போன் இல்ல. மூணரை மணி ஆனா நான் பேனாவ வச்சுட்டு போனயே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்புறம் ஒரு வரி எழுத வராது. அதுக்கப்புறம் நான் புதுசா நாடகமே எழுதல தம்பி, உங்ககிட்டதான் சொல்றேன். அதே ஒண்ணத்தான் ஊர் ஊரா போட்டுக்கிட்டு இருக்கோம்.

போன வாரம்தான் அந்த எதிர்வீட்டு அம்மா மனசு எறங்கி எடத்தச் சொன்னாங்க. திருப்பூர்ல அவிநாசி ரோட்டுல ஒரு பனியன் கம்பெனி. தைச்ச துணியில பழுது பாக்கற செக்கிங்ல இருக்காளாம். ஹாஸ்டல் அங்கயே. இன்னைக்கு விடிய பஸ் ஏறி வந்துட்டேன். நாடகம் புத்தகமா வந்திருச்சு, அதுல ஒண்ணு எடுத்துக்கிட்டேன். இந்தாங்க, பாருங்க. மூணாவது பக்கம். ‘சமர்ப்பணம்: என் மகள் பொன்னெழிலுக்கு.’ இதப் பார்த்தா உருகிருவான்னு நினைச்சேன்.

ஒரு மணிக்கு சாப்பாட்டு நேரம். கேட்டுல நின்னேன், வாட்ச்மேன் உள்ள சொல்லி அனுப்புனாரு. வந்தா. கழுத்துல அடையாள அட்டை, தலைல பஞ்சுத் தூசி. கொஞ்சம் சதை போட்டிருக்கா, நல்லா இருக்கா. எனக்கு அதப் பார்த்து சந்தோசமும் வந்துச்சு, என்னமோ நெஞ்சுல குத்தவும் செஞ்சுச்சு. ‘சாப்பிட்டீங்களாப்பா?’ன்னா. புத்தகத்த நீட்டினேன். கையத் தொடச்சுட்டு வாங்கினா. மூணாவது பக்கத்த நான்தான் எடுத்துக் காட்டினேன். படிச்சா. மூடித் திருப்பிக் குடுத்துட்டா, ‘இங்க வச்சுக்க எடமில்லப்பா’ன்னு.

‘வாம்மா, வீட்டுக்குப் போலாம்’னேன்.

அவ தலைல இருந்த பஞ்சத் தட்டிவிட்டா. அப்புறம் கேட்டா, ‘இத்தனை நாள் ஏம்ப்பா வரல?’

தம்பி, சத்தியமா சொல்றேன், நான் வேணும்னு செய்யல. அந்தக் கேள்வி காதுல விழுந்ததும் வாய் தானா ஆரம்பிச்சிருச்சு. அரங்கேற்றத்துக்கு அப்புறமும் அந்த வேசம் நான்தான், அறுபது மேடைல சொன்னது. ‘கண்ணே, நான் வராத நாளெல்லாம்’னு ஆரம்பிச்சு, ஒன்பது வரியும் சொன்னேன். நடுவுல நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வரல. குரல் ஏறவேண்டிய எடத்துல ஏறுச்சு, தழுதழுக்க வேண்டிய எடத்துல தழுதழுத்துச்சு. வாட்ச்மேன் நாற்காலிய விட்டு எந்திரிச்சு நின்னு பார்த்தாரு.

அவ குறுக்க பேசல. கடைசி வரி வரைக்கும் கேட்டா.

‘இது எனக்குத் தெரியும்ப்பா’ன்னா. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். ‘மண்டபத்துல கேட்டேன். வேற இருக்கா?’

வேற.

நான் வாயத் தொறந்தேன். ஒண்ணும் வரல தம்பி. ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கறவன். செத்தவனுக்கு எழுதுவேன், பொறந்தவனுக்கு எழுதுவேன். எனக்கு ஒரு வார்த்தை வரல.

அவ அப்பவே போயிருந்தாக்கூட பரவாயில்ல. போகல. வேலைக்குச் சங்கு ஊதிருச்சு. மத்த பொண்ணுங்க எல்லாம் கை கழுவிக்கிட்டு ஓடுதுங்க. வாட்ச்மேன், ‘எழிலு, கேட்டச் சாத்தணும்மா’ங்கறாரு. ‘ஒரு நிமிசம்ணே’ன்னு அவர்கிட்ட கை காட்டிட்டு என்னையவே பார்த்துக்கிட்டு நின்னா. நான் ஏதாவது சொல்லிருவேன்னு நின்னா தம்பி. அந்தப் பிள்ளை அதுக்குத்தான் நின்னுச்சு. நான் அவ காலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். புதுச் செருப்பு போட்டிருந்தா. அப்புறம் அவர் கேட்ட இழுத்தாரு, அவ உள்ள போயிட்டா.

பஸ் ஏறி உக்காந்து, தாராபுரத்துல வண்டி நின்னு கிளம்பினப்பத்தான் எனக்குத் தோணுச்சு. ‘நான் வந்திருக்கணும்மா, தப்புப் பண்ணிட்டேன்’னு சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான். ஓசை இல்ல, அழகு இல்ல. எவன் கைதட்டப் போறான் அதுக்கு? அதான் வாயில வரல போல.

ஒட்டன்சத்திரம் வந்துருச்சு. பைய எடுத்துக்கங்க. பாப்பா கதவத் தொறந்து வச்சுக்கிட்டு இருக்கும், போங்க.

என்ன? என்னையும் எறங்கச் சொல்றீங்களா? எதுத்த பக்கம் திருப்பூர் பஸ்ஸு நிக்குதா? ஆமா, நிக்குது. ஏறுனா அவ வேலை முடிஞ்சு வெளிய வர்றதுக்குள்ள போயிரலாம்தான். போய் அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டு வந்துரலாம்தான்.

நீங்க சொல்றது சரி தம்பி. நூத்துக்கு நூறு சரி. கைய விடுங்க, கண்டக்டர் விசில் அடிக்கறான் பாருங்க. அடுத்த வாரம் போறேன், கண்டிப்பா போறேன். இன்னைக்கு ஆறு மணிக்கு ஒத்திகை இருக்கு. பசங்க எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பாங்க.